பெயரில் மட்டும்தான் பாறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் அந்தமான் சுற்றுலாவைப் பற்றி வெளியான கட்டுரையை முழுவதும் படித்தேன். கோடை விடுமுறை நெருங்கும் வேளையில் குடும்பத்தோடு பயணம் செய்ய நினைப்பவர்களுக்கு அது பயனுள்ள கட்டுரை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதோடு வெளியான பெரிய வண்ணப் படத்தைப் பார்த்ததும் என் மனம் சங்கடப்பட்டது. கடலுக்கடியில் ஓர் இளைஞர் பவளத்தின் மீது இரண்டு முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையால் அதன் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். கீழே, ஆக்சிஜன் சிலிண்டருடன் ஆழ்கடல் நீச்சலில் ஈடுபட்டுப் பாறையில் ஓய்வெடுக்கும் பயணி என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பற்றியும் அந்த ஒரு படத்தைப் பற்றியும் எழுதவே இக்கடிதம்.

நான் தூத்துக்குடியில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. கடலைப் பார்த்து வளர்ந்தவள் என்றாலும், நாற்பது வயதைக் கடந்த பிறகே கடலுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தபோது நான் செய்த ஒரு தவறுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

முதலில் சிறிய திருத்தங்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூபா முறையில் முக்குளிப்பவர் முதுகில் சுமப்பது ஆக்சிஜன் சிலிண்டர் அன்று. நாம் கரையில் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் சுத்தம் செய்து, அழுத்தி, அந்தக் கலத்தில் அடைத்திருக்கிறார்கள். தூய ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி, வலிப்பு வந்து உயிரைப் பறிக்கக்கூடும். இது ஏட்டுத் திருத்தம் மட்டுமன்று. 'ஆக்சிஜன் இருக்கிறதே, பயமில்லை' என்ற எண்ணத்தோடு கடலில் இறங்குபவர்கள், அந்த அழுத்தக் காற்று உடலுக்குள் என்ன செய்யும் என்பதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை வெளியே விடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பதற்றத்தில் மேலே விரைந்தால், அதே காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவேதான் முக்குளிப்பில் முதல் பாடம், ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது.

அடுத்து, ஆழ்கடல் என்ற சொல். பயிற்சி இல்லாத சுற்றுலாப் பயணிகளை அதிகபட்சம் 12 மீட்டருக்கும், முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவர்களை 18 மீட்டருக்கும்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது பயிற்சி நிறுவனங்களின் பொது விதி. பவளம் செழித்து வளர்வதும் வெயில் எட்டும் அந்த ஆழமற்ற நீரில்தான். அதை ஆழ்கடல் என்று சொல்வது, தோட்டத்துக் கிணற்றைப் பாதாளம் என்று சொல்வது போலாகும். நீச்சல் என்பதும் பொருந்தாது. முக்குளித்தல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது அதையே எழுதலாமே என்பது என் வேண்டுகோள். கட்டைவிரலை உயர்த்துவதற்கும் நீருக்குள் வேறு பொருள் உண்டு. 'மேலே போகலாம்' என்பதற்கான சைகை அது. நலமாக இருக்கிறேன் என்று சொல்லக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர வேண்டும்.

இவையெல்லாம் சிறிய பிழைகள். என்னை வருத்தியது 'பாறையில் ஓய்வெடுக்கும்' என்ற சொற்றொடர்.

தூத்துக்குடியில் என் தாத்தா வாழ்ந்த பழைய வீட்டின் பின்சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து உள்ளே இருந்த கல் தெரியும். சாம்பல் வெள்ளை நிறக் கல். அதன் மேலெல்லாம் கம்மல் அளவில் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள். சிறுமியாக இருந்தபோது அந்தக் குழிகளில் சுண்டுவிரல் நகத்தை வைத்து எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அது கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அது கல். வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, பிற்காலத்தில் தொழிற்சாலைகளுக்கு அனுப்ப, படகு படகாக வெட்டிக் கொண்டுவரப்பட்ட கல். தமிழில் நாம் வைத்த பெயரும் பவளப்பாறை என்றே அமைந்துவிட்டது. பாறை என்று சொன்ன பிறகு அதன் மேல் நிற்கவும், உட்காரவும், உடைக்கவும் யாருக்குத்தான் தயக்கம் வரும்?

அந்த நட்சத்திரக் குழி ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த அறை. பவளம் என்பது விலங்கு. ஒரு சிறு குழல் போன்ற உடல், நுனியில் ஒரு வாய், அதைச் சுற்றி மெல்லிய உணர்கொம்புகள். இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பைப் பிரித்து, தமக்குக் கீழே சிறுகச் சிறுகக் கட்டிக்கொள்ளும் கூட்டு வீடுதான் நாம் பாறை என்று அழைப்பது. அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைக் கொண்டு அந்தப் பாசிகள் சமைக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் உயிர் வாழ்கிறது. அதன் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசிகளின் கொடைதான். உயிருள்ள தசை மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக மட்டுமே இருக்கிறது. அதன் கீழே உள்ளது வெறும் சுண்ணாம்பு. முழங்கால் அழுந்துவது அந்த உயிர்ப் படலத்தின் மேல்.

கல் என்று நினைத்ததற்கு எங்கள் ஊர் கொடுத்த விலை கொஞ்சமன்று. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு என்று பாடப்புத்தகத்தில் இன்னமும் படிக்கிறோம். அவற்றுள் விளாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இப்போது நீர்மட்டத்துக்கு மேலே இல்லை. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை வெட்டிய பிறகு அலை தீவின் மணலை அரித்துக்கொண்டு போனது. 1986ஆம் ஆண்டிலேயே அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் வெட்டுவது நிற்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில், 2001ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்ட பிறகுதான் அது படிப்படியாகக் குறைந்து நின்றது. துறைமுகத்துக்கு எதிரே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, காங்கிரீட்டால் செய்த செயற்கைப் பாறைகளை இப்போது கடலுக்குள் இறக்கியிருக்கிறோம். இலவசமாக நின்றுகொண்டிருந்த சுவரை உடைத்துவிட்டு, பணம் கொடுத்து வேறு சுவர் வைக்கும் நிலை.

இதையெல்லாம் வகுப்பில் பாடமாக நடத்தியவள்தான் நான். அப்படியிருந்தும் 2018 ஜனவரியில் அந்தமானுக்குப் போனபோது படத்தில் உள்ள இளைஞர் செய்ததையே நானும் செய்தேன். நான் முக்குளித்த தீவுக்கு அப்போது ஹேவ்லாக் என்று பெயர். அந்த ஆண்டு டிசம்பரில்தான் சுவராஜ் தீவு என்று மாற்றினார்கள். நீச்சல் தெரியாதவர்களும் முக்குளிக்கலாம் என்று விடுதியில் சொன்னார்கள். காலையில் இடுப்பளவு நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, வாயால் சுவாசிக்கவும், முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றவும் கற்றுக் கொடுத்தார்கள். பவளத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பிறகு வழிகாட்டி என் கலத்தின் கழுத்தைப் பிடித்து, பிள்ளையாரைக் கரைக்கக் கொண்டுபோவது போல் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். எட்டு மீட்டர் ஆழத்தில், படம் எடுப்பதற்காக ஒரு பவளத் திட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுமாறு சைகை காட்டினார். நான் பிடித்தேன். உடம்பு மிதந்து எழும்பியது. பயத்தில் கால்களை உதைத்தேன். காலில் மாட்டியிருந்த நீண்ட துடுப்பு எதிலோ இடித்தது. நீருக்குள் ஒலி நன்றாகக் கேட்கும் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது போன்ற ஒலி எனக்குத் தெளிவாகவே கேட்டது. திரும்பிப் பார்த்தபோது மான்கொம்பு போன்ற பவளத்தின் மூன்று கிளைகள் மணலில் கிடந்தன. ஒடிந்த முனை பால் வெள்ளையாக இருந்தது. நீலச் சிறு மீன்கள், அந்தக் கிளைகளுக்குள் ஒளிந்திருந்தவை, வெட்டவெளியில் அலைமோதின. வழிகாட்டி அதைப் பார்த்தும் பார்க்காதது போல் அடுத்த படத்துக்கு என்னை நகர்த்தினார்.

மான்கொம்புப் பவளம் பவளங்களிலேயே வேகமாக வளர்வது. நல்ல நிலையில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை நீளும். உருண்டையாகத் திரண்டு வளரும் வகைகளோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். அப்படியானால், ஒருவர் வசதியாக உட்காரும் அளவுள்ள உருண்டைப் பவளத்துக்கு அவருடைய பாட்டியின் வயது இருக்கலாம். நான் ஒடித்த கிளைகள் நான்கைந்து ஆண்டுகளின் வளர்ச்சி. அன்று அதே இடத்துக்கு எனக்கு முன்னும் பின்னும் படகுகள் வந்துகொண்டே இருந்தன. ஊர் திரும்பி, மின்னஞ்சலில் வந்த படங்களை வகுப்பில் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்த நிறுவனத்தின் மேல் பழி போட்டுவிட்டு ஒதுங்க நான் விரும்பவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். ஆகவே 2023 பிப்ரவரியில் மீண்டும் போய், நான்கு நாள் ஒதுக்கி, முறையான முதல் நிலைப் பயிற்சியை வேறோர் இடத்தில் முடித்தேன். அப்போதுதான் முக்குளிப்பு என்பது உண்மையில் என்ன கலை என்று புரிந்தது. அது மிதக்கவும் மூழ்கவும் செய்யாமல், நடுநீரில் அசையாமல் நிற்கும் கலை. இடுப்பில் கட்டிய ஈயக் கட்டி கீழே இழுக்கிறது; மேலாடைக்குள் அடைத்த காற்று மேலே தூக்குகிறது. இரண்டையும் சமன் செய்த பிறகு, மிச்சமிருக்கும் நுணுக்கம் முழுவதும் மூச்சில் இருக்கிறது. மெல்ல உள்ளிழுத்தால் உடம்பு ஒரு சாண் எழும்புகிறது. மெல்ல வெளியே விட்டால் ஒரு சாண் தாழ்கிறது. மூன்றாம் நாள், மணல் திட்டுக்கு மேலே, கால் கைகளை மடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே தொங்கியபோது, இதைத்தான் முதல் நாளே எனக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இதைக் கற்றவரின் முழங்கால் பவளத்தில் படுவதற்குத் தேவையே இல்லை.

பயிற்சியில் துணைவர் முறை என்று ஒன்றை வற்புறுத்துவார்கள். இருவராகவே இறங்க வேண்டும், ஒருவர் காற்றை மற்றவர் கவனிக்க வேண்டும், ஒருவருக்குத் தீர்ந்தால் மற்றவர் தர வேண்டும். அதைக் கேட்டபோது எங்கள் ஊர் முத்துக் குளிப்புதான் நினைவுக்கு வந்தது. கடலுக்குள் இறங்கியவரின் கயிற்றைப் படகிலிருந்து பிடித்திருப்பவர் அவருடைய மைத்துனராகத்தான் இருப்பார் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். தங்கையின் தாலி கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்பதால் கை தளராது என்பது கணக்கு. கடலுக்குள் தனியாகப் போகாதே என்ற அறிவு நமக்குப் புதியதன்று.

அசையாமல் நிற்கத் தெரிந்த பிறகு கண்டவற்றைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். ஏனெனில் தங்கள் கட்டுரை 'வண்ண வண்ண மீன்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

இறங்கியதும் முதலில் கேட்பது ஒரு மெல்லிய சடசடப்பு, எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. பாறை இடுக்குகளில் வாழும் சிறு இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவதால் எழும் ஒலி அது. அதற்கு நடுவே கரகரவென்று வேறோர் ஒலி. திரும்பிப் பார்த்தால், பச்சையும் நீலமும் ரோஜா நிறமும் கலந்த கிளிமீன்கள் இரண்டு, கிளியின் அலகு போன்ற பற்களால் இறந்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சுரண்டித் தின்கின்றன. கல்லை உள்ளே அரைத்து, சத்தை எடுத்துக்கொண்டு, வெண்மணலாகப் பின்னால் உதிர்த்துக்கொண்டே போகின்றன. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து மகிழும் அந்த வெண்மணல் கடற்கரையில் ஒரு பங்கு இந்த மீன்கள் அரைத்துக் கொடுத்தது. இந்த மீன்கள் பாசியை மேய்வதால்தான் இளம் பவளம் ஒட்டி வளர இடம் கிடைக்கிறது.

சற்றுத் தள்ளி ஒரு முகடு. விரல் நீளத்தில், உடல் நெடுக ஒரு கருங்கோடு ஓடும் நீல மீன் ஒன்று மேலும் கீழுமாகத் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தது. அது துப்புரவு மீன். அதன் ஆட்டத்தைக் கண்டு பெரிய கலவா மீன் ஒன்று வந்து, செவுள்களை விரித்து, வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நின்றது. ஒரே விழுங்கில் தீர்த்துவிடக்கூடிய வாய்க்குள் அந்தச் சிறு மீன் நுழைந்து, பல்லிடுக்கையும் செவுளையும் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு, செவுள் வழியாக வெளியே வந்தது. பின்னால் இன்னும் இரண்டு மீன்கள் முறைக்காகக் காத்திருந்தன. என் காற்று அளவு காட்டும் முள் பாதிக்கு வரும்வரை அந்த ஓரிடத்திலேயே நின்றேன். வேறெங்கும் போக மனம் வரவில்லை.

குழந்தைகள் எல்லோரும் அறிந்த கோமாளி மீனையும் கண்டேன். கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற கடல் விலங்கின் கொட்டும் இழைகளுக்குள் அது குடும்பமாக வாழ்கிறது. அவற்றுள் பெரியதுதான் பெண். எல்லாமே ஆணாகப் பிறந்து, பெண் இறந்தால் அடுத்த நிலையில் உள்ள ஆண் பெண்ணாக மாறுகிறது. என் மாணவர்கள் எந்தப் பாடத்தையும்விட அதிகக் கேள்வி கேட்பது இதைப் பற்றித்தான். விரல் நீளமே உள்ள அந்த மீன், தன் வீட்டை நெருங்கிய என் முகக்கண்ணாடியை நோக்கி நேராகப் பாய்ந்து வந்து நின்றது. நான் பின்வாங்கினேன்.

பெருஞ்சிப்பி ஒன்று வாய் திறந்து கிடந்தது. அதன் சதை விளிம்பு மயில் கழுத்து நிறத்தில் புள்ளி புள்ளியாக மின்னியது. பவளத்தைப் போலவே அதுவும் தன் சதையில் நுண்பாசிகளை வளர்க்கிறது. என் நிழல் விழுந்ததும் சட்டென்று விளிம்பைச் சுருக்கிக்கொண்டது. தொடவில்லை, நெருங்கவும் இல்லை. நிழலுக்கே அது சுருங்கியது.

கடைசி நாள், உருண்டைப் பவளம் ஒன்றின் முன் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அதன் மேலெல்லாம் கம்மல் அளவில் நட்சத்திரங்கள். தாத்தா வீட்டுச் சுவரில் நகத்தால் எண்ணிய அதே நட்சத்திரங்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு குழியின் நடுவிலும் இளம் பச்சையாக ஓர் உயிர் இருந்தது. பகல் நேரம் ஆதலால் உணர்கொம்புகளை உள்ளே இழுத்து வைத்திருந்தன. சிலவற்றில் மட்டும் நுனிகள் மயிரிழை போல் எட்டிப் பார்த்தன. ஐம்பது ஆண்டுகளாக நான் கல் என்று சொல்லி வந்ததன் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

இனி ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். கடல் சூடாவதால் பவளம் கூட்டம் கூட்டமாகச் சாகிறது. இழுவை மடிகளும் கழிவுநீரும் அழிக்கின்றன. இவற்றின் முன் ஒரு சுற்றுலாப் பயணியின் முழங்கால் எம்மாத்திரம் என்று கேட்கலாம். பெரிய கேடு வெப்பம்தான் என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி அது சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போகிறது. வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். 1998லும் 2010லும் அந்தமானும் மன்னார் வளைகுடாவும் இதைக் கண்டன. 2024 ஏப்ரலில், உலகளாவிய வெளிறல் நான்காவது முறையாக நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவரின் மேல் மிதித்துக்கொண்டு நடக்க அவருடைய காய்ச்சல் நமக்கு அனுமதி ஆகாது. மேலும், வெப்பத்தைத் தணிக்க ஒரு பயணியால் தனியாக இயலாது. முழங்காலைத் தூக்கிக்கொள்ள இயலும். படகுகள் நாள்தோறும் அதே பத்துப் பன்னிரண்டு திட்டுகளுக்குத்தான் வருகின்றன. அங்கே சேதம் சேர்ந்துகொண்டே போகிறது.

முக்குளிப்பைத் தடை செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. பார்த்தவர்கள்தான் பாதுகாக்கப் பேசுவார்கள். என் கதையே அதற்குச் சான்று. நான் கேட்பது இதுதான். பவளத் திட்டுக்கு அழைத்துப் போகும் முன், மணல் தரையின் மேல் ஒருவர் தானே அசையாமல் நிற்கும்வரை பயிற்சி தர வேண்டும். அதற்கு இன்னும் அரை நாள் ஆகும், கட்டணமும் கூடும், ஆகட்டும். தமிழ்நாட்டிலிருந்து இத்தனை பேர் போகிறார்கள், அந்தமானில் தமிழர்களும் நிறைய வாழ்கிறார்கள். எனவே பாதுகாப்பு விளக்கத்தைத் தமிழில் சொல்ல ஆள் கிடைக்காது என்பதை நான் ஏற்கமாட்டேன். புரியாத மொழியில் கேட்டுத் தலையாட்டிவிட்டு இறங்குபவரே நீருக்குள் பதறுகிறார், பதறுபவரே எதையாவது பிடிக்கிறார். ரொட்டியும் பிஸ்கட்டும் போட்டு மீன்களை வரவழைப்பதை நிறுத்த வேண்டும். பாசியை மேய வேண்டிய மீன் படகின் பின்னால் சுற்றித் திரிவது பவளத்துக்கு நல்லதன்று.

பயணிகளுக்கும் சில சொற்கள். வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரு பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு என்று கருதி, அவை கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021ஆம் ஆண்டு முதல் தடுத்துவிட்டது. கைமூடிய சட்டை அணிந்தால் களிம்பே பாதி தேவைப்படாது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்வதும் சட்டப்படி குற்றமே. இன்னொன்று உயிர் தொடர்பானது. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவரின் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பரிந்துரை. தங்கள் கட்டுரை தந்த பயணத் திட்டத்தில் கடைசி நாள் காலை ஸ்கூபா, மாலை சென்னை விமானம் என்று இருக்கிறது. இதை மட்டுமாவது வரும் இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன். வாசகர்கள் அப்படியே பின்பற்றுவார்கள். எங்கள் ஊரில் படகிலுள்ள கம்பரசரிலிருந்து குழாய் வழியே காற்றைச் சுவாசித்துச் சங்கு எடுக்கப் போகும் தொழிலாளர்களில், நெடுநேரம் கீழே இருந்துவிட்டு விரைந்து மேலே வந்ததால் மூட்டு வலியோடு முடங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக இறங்கியவர்கள். விடுமுறைக்குப் போகிறவர் அந்த வலியை வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

படத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். பவளத்தின் மேல் நிற்கும், உட்காரும், நட்சத்திர மீனை நீரிலிருந்து தூக்கிக் காட்டும் படங்களை இனி வெளியிட வேண்டாம். என் மாணவன் ஒருவன் அந்தப் பக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து, 'டீச்சர், நீங்கள் தொடக்கூடாது என்றீர்கள், பேப்பரில் தொடுகிறார்களே' என்று கேட்டான். அச்சில் வந்ததை அவன் நம்புகிறான், நம்பவும் வேண்டும்.

இக்கடிதத்தோடு ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். உடன் முக்குளித்த தோழி எடுத்தது. இளம் பச்சை நட்சத்திரங்கள் நிறைந்த உருண்டைப் பவளமும், ஒரு முழம் தள்ளி, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நிற்கும் நானும் அதில் இருக்கிறோம். அவரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். கட்டுரையின் அடுத்த பகுதிக்குப் படம் தேவைப்பட்டால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
உயிரியல் ஆசிரியை,
தூத்துக்குடி.